மீகோஸ் ‘கல்ச்சர் 2’: 24 பாடல்கள் இருந்தும் மனம் நிறையாதது ஏன்?

தெற்குச்சந்தம்
28 ஜனவரி 2018

நேற்று முன்தினம் வெளியான, அமெரிக்க ராப் குழுவான மீகோஸின் ‘கல்ச்சர் 2’ தொகுப்பை, முதல் பாடலிலிருந்து கடைசிப் பாடல் வரை வரிசை மாற்றாமல் மூன்று முறை கேட்டுவிட்டு இதை எழுதுகிறேன். முதல் இரண்டு முறையும் பதினைந்தாம் பாடலுக்கு மேல் என் கவனம் நிற்கவில்லை. குறை என் காதில் இருக்கிறதா, தொகுப்பில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே மூன்றாவது முறை உட்கார்ந்தேன். குறை தொகுப்பில்தான் இருக்கிறது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

வருத்தம் என்ற சொல்லை நினைத்துத்தான் எழுதுகிறேன், ஏனெனில் இவர்கள் மீது எனக்கு இருந்த எதிர்பார்ப்பு சிறியதன்று. சரியாக ஓராண்டுக்கு முன், 2017 ஜனவரி 27 அன்று வந்த ‘கல்ச்சர்’ தொகுப்பில் 13 பாடல்கள் இருந்தன. ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் அட்லாண்டாவின் வடக்கே குவின்னெட் கவுண்டியில் வளர்ந்த மூன்று உறவினர்கள், ராப் குழு என்ற வடிவத்தையே மீட்டுக் கொடுத்தார்கள். குவேவோ இழுத்துப் பாடும் பல்லவி, ஆஃப்செட்டின் வேகமான, கூர்மையான வரிகள், டேக்ஆஃபின் அடித்தொண்டைக் கனம் என்று மூன்றும் வெவ்வேறு நிறங்கள். ஒருவர் வரியை முடிக்குமுன் இன்னொருவர் பின்னாலிருந்து ஒரு சொல்லை எறிவார். அந்தச் சொல் முன்னவரின் வரிக்கு முற்றுப்புள்ளியாகவும் அடுத்த வரிக்குத் தொடக்கமாகவும் அமையும். மூவரும் ஒரே அறையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பாடுகிறார்கள் என்ற உணர்வு கேட்பவருக்கு வரும்.

புதிய தொகுப்பில் 24 பாடல்கள். மொத்தம் ஏறத்தாழ 106 நிமிடங்கள். குறுந்தகட்டில் வாங்கினால் ஒரு வட்டில் அடங்காது, இரண்டு வட்டு வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது: ஒரு பாடலின் சராசரி நீளம் இரண்டு தொகுப்புகளிலும் ஏறக்குறைய நாலரை நிமிடம்தான். ஆகவே பாட்டை இழுத்துவிட்டார்கள் என்று குறை சொல்ல முடியாது. முன்பு 13 முறை கேட்ட அதே அமைப்பை, அதாவது பல்லவி, ஒருவர் பகுதி, பல்லவி, அடுத்தவர் பகுதி என்ற வரிசையை, இப்போது 24 முறை கேட்கச் சொல்கிறார்கள். பதின்மூன்றில் அது பாணியாக நின்றது. இருபத்து நான்கில் வெறும் பழக்கமாகத் தேய்ந்துவிட்டது. மற்றவர்களுக்கும் இப்படித்தான் பட்டதா?

கூடுதல்பாஸ்
28 ஜனவரி 2018

நண்பர் தெற்குச்சந்தம் அவர்களே, தங்கள் பதிவை மதிப்புடன் படித்தேன், ஆனால் அடிப்படையிலேயே மாறுபடுகிறேன். இதை வரிசையாகக் கேட்கவேண்டும் என்று தங்களுக்கு யார் சொன்னது? மீகோஸ் மிக்ஸ்டேப் மரபில், அதாவது பாடல்களை இலவசமாகத் தொகுத்து வெளியிடும் மரபில் பிறந்த குழு. 2014 பிப்ரவரியில் வந்த ‘நோ லேபிள் 2’ மிக்ஸ்டேப்பில் 25 பாடல்கள் இருந்தன. அதை அன்று நாம் அனைவரும் கொண்டாடினோம். அட்லாண்டாவில் ராப்பர் கூச்சி மேன் காலத்திலிருந்தே ஸ்டுடியோவை விட்டு வெளியே வராமல் பாடிக் குவிப்பதுதான் உழைப்பின் அடையாளம். அள்ளிக் கொடுப்பது அந்த ஊரின் குணம். கேட்பவர் தனக்குப் பிடித்த பத்தைப் பொறுக்கிக்கொள்ளட்டும் என்பதே அதன் நியாயம்.

நான் இந்தத் தொகுப்பை இரவு நேரத்தில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டு கேட்டேன். ‘நார்கோஸ்’ பாடலின் கிட்டார் தொடங்கியபோதும் ‘மேட் மென்’ வந்தபோதும் எனக்கு எந்தக் களைப்பும் தெரியவில்லை.

தெற்குச்சந்தம்
28 ஜனவரி 2018

மிக்ஸ்டேப் ஒப்பீடு நியாயமான கேள்வி, அதனால் அதற்கு மட்டும் விடை சொல்கிறேன். ‘நோ லேபிள் 2’ வந்தபோது அதை டேட்பிஃப் போன்ற தளங்களில் இலவசமாகப் பதிவிறக்கினோம். மிக்ஸ்டேப் என்பது பட்டறையின் கதவைத் திறந்து வைப்பது போன்றது. முடிந்த வேலையும் முடியாத வேலையும் அங்கே கலந்து கிடக்கும், அதைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. ஆனால் ‘கல்ச்சர்’ என்று பெயர் வைத்து, அதன் இரண்டாம் பாகம் என்று அறிவித்து, முகவுரைப் பாடலோடு தொடங்கி நாட்டுப்பண் என்று பெயரிட்ட பாடலோடு முடிக்கும்போது, இது கட்டி முடித்த வீடு என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். வீட்டைப் பட்டறையாக எண்ணிக்கொள்ளுங்கள் என்று பிறகு சொல்வது சரியாகாது.

மழைவானொலி
29 ஜனவரி 2018

களைப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடந்த மூன்று மாதங்களில் இவர்களிடமிருந்து என்னவெல்லாம் வந்தது என்று பாருங்கள். அக்டோபர் 31 அன்று ஆஃப்செட், ராப்பர் 21 சாவேஜ், இசையமைப்பாளர் மெட்ரோ பூமின் மூவரும் சேர்ந்து ‘விதவுட் வார்னிங்’ வெளியிட்டார்கள். பத்தே பாடல்கள், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், ஒரு வரிகூட வீண் இல்லை. டிசம்பர் 8 அன்று மீகோஸின் இசை நிறுவனமான குவாலிட்டி கண்ட்ரோலின் கூட்டுத் தொகுப்பு 30 பாடல்களுடன் வந்தது. அதிலும் மீகோஸ் குரல்கள் நிறையவே உண்டு. டிசம்பர் 21 அன்று குவேவோவும் ராப்பர் டிராவிஸ் ஸ்காட்டும் 13 பாடல்கள் கொண்ட தொகுப்பைத் தந்தார்கள். இப்போது 24. பசிக்கும் முன்பே இலை போட்டால் உணவின் ருசி எப்படித் தெரியும்?

திஸ்ரநடை
30 ஜனவரி 2018

தாளத்தின் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். சற்று நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீகோஸ் என்றாலே எல்லோரும் சொல்வது ஒரு தட்டுக்குள் மூன்று அசைகளை அடுக்கும் அவர்களுடைய நடை. நம் தாளக் கணக்கில் அது திஸ்ரம். இதை இவர்கள் கண்டுபிடிக்கவில்லை. மெம்ஃபிஸ் நகரத்து த்ரீ சிக்ஸ் மாஃபியாவில் லார்ட் இன்ஃபேமஸ் 1990களிலேயே இந்த நடையில் பாடினார். கிளீவ்லாந்து நகரத்து போன் தக்ஸ் குழுவும் இதைக் கையாண்டது. ஆனால் 2013இல் ‘வெர்சாச்சே’ பாடலும், அதன் மறுவடிவத்தில் ராப்பர் டிரேக் அதே நடையை எடுத்துப் பாடியதும் சேர்ந்து, இது அமெரிக்க ராப்பின் பொதுமொழியாகவே மாறிவிட்டது.

இந்த நடையின் அழகு எதில் இருக்கிறது? அடியில் ஓடும் 808 டிரம் இயந்திரத்தின் பாஸும் ஸ்னேர் டிரம்மும் நான்கு நான்காக நடக்கின்றன. அதன்மேல் குரல் மூன்று மூன்றாகத் தாவுகிறது. இரண்டும் உரசும் இடத்தில்தான் கேட்பவருக்குச் சிலிர்ப்பு வருகிறது. அந்த உரசல் தொடர்ந்து தெரியவேண்டுமானால் இடையிடையே குரல் மூன்றைக் கைவிட்டு நான்குக்குத் திரும்ப வேண்டும், அல்லது மௌனம் காக்க வேண்டும், அல்லது அடியில் ஓடும் தாளம் தன் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் ‘கல்ச்சர்’ தொகுப்பில் இது நடந்தது. ‘டி-ஷர்ட்’ பாடலில் உள்ள இருட்டும் இடைவெளியும் ‘பேட் அண்ட் பூஜி’ பாடலில் இல்லை, அதில் உள்ள மிதப்பு ‘ஸ்லிப்பரி’ பாடலில் இல்லை.

புதிய தொகுப்பில் டிஜே டியூரலும் குவேவோவும் சேர்ந்து அமைத்த இசை பல பாடல்களில் வருகிறது. அவர்கள் திறமையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாளம் ஒரே வேகத்தில், ஒரே இருட்டில் தொடரும்போது மேலே வரும் திஸ்ரம் உரச ஒன்றுமில்லாமல் வழுக்கிப் போய்விடுகிறது. இதற்கு எதிர்ச் சான்று தொகுப்பிலேயே இருக்கிறது. ஃபாரெல் வில்லியம்ஸ் இசையமைத்த ‘ஸ்டிர் ஃபிரை’ பாடலைக் கேளுங்கள். டிரம் துள்ளுகிறது, விசில் ஒலி குறுக்கே ஓடுகிறது, பாடகர்கள் மூவரும் தங்கள் பழைய தடத்தில் நடக்க முடியாமல் புதிதாகக் கால் வைக்கிறார்கள். வைத்தவுடன் மூன்று குரல்களும் மறுபடி மூன்று மனிதர்களாகத் தெரிகின்றன. ஜேடோவன் அமைத்த ‘டூ மச் ஜுவல்ரி’ பாடலிலும் இது ஓரளவு நடக்கிறது. இப்படி ஆறு ஏழு இசையமைப்பாளர்கள் இவர்களை நிலைகுலைய வைத்திருந்தால் 106 நிமிடமும் போதாது என்று நானே எழுதியிருப்பேன்.

மழைவானொலி
30 ஜனவரி 2018

திஸ்ரநடை அவர்களுக்கு நன்றி. ‘ஸ்டிர் ஃபிரை’ மட்டும் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை
5 பிப்ரவரி 2018

அமெரிக்கத் தொகுப்புகளின் விற்பனை வரிசையான பில்போர்டு 200 பட்டியல் எண்கள் நேற்று வந்துவிட்டன. ‘கல்ச்சர் 2’ முதலிடத்தில் 1,99,000 அலகுகளுடன் நுழைந்திருக்கிறது. அதில் தொகுப்பாகவே வாங்கப்பட்டவை 38,000 மட்டும். மீதியில் மிகப் பெரும்பகுதி ஸ்ட்ரீமிங் வழியாக வந்தது. ஓராண்டுக்கு முன் ‘கல்ச்சர்’ 1,31,000 அலகுகளுடன் முதலிடம் பிடித்தது.

இந்த அலகு என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் நாம் பேசும் நீளத்திற்கும் இதற்கும் உள்ள தொடர்பு புரியும். 2014 டிசம்பரிலிருந்து பில்போர்டு ஒரு தொகுப்பின் பாடல்கள் 1,500 முறை ஸ்ட்ரீம் செய்யப்பட்டால் ஒரு தொகுப்பு விற்றதாகக் கணக்கிடுகிறது. எந்தப் பாடல், எத்தனை நிமிடம் என்ற வேறுபாடு இல்லை. 13 பாடல்கள் உள்ள தொகுப்பை ரசிகர்கள் முழுதாக 115 முறைக்கு மேல் கேட்டால்தான் ஓர் அலகு சேரும். 24 பாடல்கள் உள்ள தொகுப்பை 63 முறை கேட்டாலே போதும். அதே ரசிகர், அதே அன்பு, அதே ஒரு மாலைப் பொழுது. ஆனால் பட்டியலில் அவருடைய எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. சென்ற அக்டோபர் இறுதியில் பாடகர் கிறிஸ் பிரவுன் 45 பாடல்களுடன் ஒரு தொகுப்பை வெளியிட்டதை நினைவுபடுத்துகிறேன்.

வட்டு விற்ற காலத்தில் தொகுப்பைச் சுருக்கும் வேலையைக் குறுந்தகட்டின் கொள்ளளவே ஓரளவு பார்த்துக்கொண்டது. 80 நிமிடத்தைத் தாண்டினால் இரண்டாம் வட்டின் செலவு வரும். இன்று அந்த வேலி இல்லை. வேலி இல்லாததோடு, அதைத் தாண்டி ஓடுகிறவருக்குப் பரிசும் கிடைக்கிறது.

கூடுதல்பாஸ்
5 பிப்ரவரி 2018

கணக்கு சரி, அதில் ஐயமில்லை. ஆனால் விதி இப்படி இருக்கிறது என்பதிலிருந்து கலைஞர்கள் அதற்காகவே பாடினார்கள் என்ற முடிவுக்குத் தாவக்கூடாது. இந்தப் பையன்கள் பட்டியல் முறை மாறுவதற்கு முன்பே, யாரும் எண்ணாத காலத்திலேயே, 25 பாடல்கள் போட்டவர்கள். விதியும் குணமும் ஒரே திசையில் சென்றிருக்கின்றன, அவ்வளவுதான். இளைஞர்கள் மூவர் வேகமாக எழுதி வேகமாகப் பாடுவதை வணிகத் தந்திரம் என்று சுருக்கிவிட்டால் அவர்களுடைய உழைப்புக்கு நாம் அநீதி செய்தவர்களாவோம்.

கணக்குப்பிள்ளை
6 பிப்ரவரி 2018

ஏற்றுக்கொள்கிறேன். அவர்களுடைய உள்ளத்தை நான் அறியேன். ஆனால் இத்தனை பாடல்கள் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒருவர் அந்த நிறுவன அறையில் இருந்திருந்தாலும், அவருக்கு ஆதரவாக ஓர் எண்ணும் இருந்திருக்காது என்பதே என் கருத்து.

நாடாப்பெட்டி
11 பிப்ரவரி 2018

இந்த இழையைப் படித்தபோது எனக்கு 1998 நினைவுக்கு வந்தது. நீளமான அமெரிக்கத் தெற்கத்திய ராப் தொகுப்பைக் கேட்டு ஏமாந்த முதல் தலைமுறை நாங்கள்தான்; ஸ்ட்ரீமிங் பிறக்குமுன்பே அது நடந்துவிட்டது.

அந்த ஆண்டு ஜூன் மாதம் ராப்பர் மாஸ்டர் பி ‘எம்பி டா லாஸ்ட் டான்’ என்ற இரட்டை வட்டை வெளியிட்டார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிளம்பிய அவருடைய நோ லிமிட் நிறுவனம் அப்போது புயலாக வீசிக்கொண்டிருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் 20க்கும் மேற்பட்ட தொகுப்புகளை அது கடைக்கு அனுப்பியது. ஹூஸ்டனில் இயங்கிய பென் அண்ட் பிக்சல் நிறுவனம் வைரமும் தங்கமும் பளபளக்கும் அட்டைகளை வரைந்து கொடுக்கும். பீட்ஸ் பை தி பவுண்ட் என்ற உள்வீட்டு இசைக்குழு எல்லாத் தொகுப்புகளுக்கும் தாளம் அமைத்துக் கொடுக்கும். இதுவே தன் கடைசித் தொகுப்பு என்று மாஸ்டர் பி அறிவித்திருந்ததால் முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 5 லட்சம் பேர் வாங்கினார்கள். எல்லோரும் காசு கொடுத்து வாங்கினார்கள். என்னிடமும் ஒரு நண்பர் வழியாக வந்து சேர்ந்தது. ஒரு மாதம் வேறு எதையும் கேட்கவில்லை.

முதல் வட்டில் சில இடங்கள் இன்றும் என் உள்ளத்தை அசைக்கும். இறந்துபோன தோழர்களுக்கு விடை சொல்லும் பாடல் ஒன்று அதில் இருக்கிறது. ஆனால் இரண்டாம் வட்டுக்குள் நுழைந்த பிறகு, நோ லிமிட் வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் வாசலில் வந்து நின்று ஒரு பகுதி பாடிவிட்டுப் போகிறார்கள் என்று தோன்றத் தொடங்கியது. விடைபெறும் மனிதனின் குரல் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோயிற்று. என் மனக்குறை இதுதான்: கடைசி முறையாகப் பேசுகிறேன் என்று சொன்னவர், பேசவேண்டியதைப் பேசாமல் கூட்டத்தைப் பேசவிட்டார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவரே புதிய தொகுப்புடன் திரும்பினார் என்பது வேறு கதை.

இதற்கு நேர்மாறாக 2007 ஆகஸ்டில் வந்த யுஜிகே குழுவின் ‘அண்டர்கிரவுண்ட் கிங்ஸ்’ இரட்டை வட்டைச் சொல்லவேண்டும். டெக்சாஸின் போர்ட் ஆர்தரைச் சேர்ந்த பிம்ப் சி, பன் பி ஆகிய இருவரும் பாடியது. அதுவும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அதுவும் பட்டியலில் முதலிடம். ஆனால் எனக்குச் சலிக்கவில்லை. ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பிம்ப் சி சிறையில் இருந்த ஆண்டுகளில் குழுவாக அவர்கள் புதிய தொகுப்பு எதையும் உருவாக்க முடியவில்லை. 2005 டிசம்பர் இறுதியில் அவர் விடுதலையான பிறகு, தேக்கிவைத்த நீர் மதகு திறந்ததுபோல் வந்தது. நீளத்துக்குப் பின்னால் ஒரு காத்திருப்பு இருந்தது. அத்துடன் விருந்தினர்களையும் பாருங்கள்: அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் இருவர் குழு ஒரு பாடலில்; நியூயார்க்கின் பழைய தலைமுறை பிக் டேடி கேன், கூல் ஜி ராப் இருவரும் இன்னொன்றில், அதுவும் மார்லி மார்ல் இசையில்; ஓக்லாந்தின் டூ ஷார்ட் மற்றொன்றில். ஒவ்வொரு பாடலும் வேறு ஊருக்கும் வேறு காலத்துக்கும் கதவு திறக்கிறது. நான்கு மாதம்கூட முடிவதற்குள், அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று பிம்ப் சி இறந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த வட்டில் ஒரு பாடலைக்கூட வெட்டலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவுட்காஸ்ட் 2003இல் தந்த இரட்டை வட்டைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும். அது உண்மையில் பிக் பாய் ஒரு வட்டு, ஆந்த்ரே ஒரு வட்டு என்று இரண்டு தனி மனிதர்களின் இரண்டு தொகுப்புகள்; அந்த ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதையும் பெற்றது. இருவர் பிரிந்து நிற்பதற்கு இரண்டு வட்டு தேவைப்பட்டது. மீகோஸ் மூவரும் பிரிந்து நிற்கவும் இல்லை, ஒருவரோடொருவர் முட்டிக்கொள்ளவும் இல்லை. 106 நிமிடம் அருகருகே நிற்கிறார்கள்.

தெற்குச்சந்தம்
12 பிப்ரவரி 2018

ஐயா, தங்கள் பதிவுக்கு மிக்க நன்றி. காத்திருப்பு என்று தாங்கள் சொன்ன சொல்தான் நான் தேடிக்கொண்டிருந்தது. மழைவானொலி சொன்ன மூன்று மாத வெள்ளத்தை இதனோடு சேர்த்துப் பார்த்தால், இந்தத் தொகுப்புக்கு முன்னால் எந்தக் காத்திருப்பும் இல்லை என்பது தெளிவாகிறது.

குறை சொல்வதோடு நிற்காமல் நான் ஒரு வேலை செய்தேன். 24 பாடல்களிலிருந்து 12 பாடல்களை எடுத்து, தொகுப்பில் உள்ள வரிசையிலேயே அடுக்கி, ஒரு வாரம் அதை மட்டும் கேட்டேன். ‘சூப்பர்ஸ்டார்ஸ்’, ‘நார்கோஸ்’, ‘ஆட்டோ பைலட்’, ‘வாக் இட் டாக் இட்’, ‘ஸ்டிர் ஃபிரை’, ‘டூ மச் ஜுவல்ரி’, ‘கேங் கேங்’, ‘ஓபன் இட் அப்’, ‘மோட்டார்ஸ்போர்ட்’, ‘மூவின் டூ ஃபாஸ்ட்’, ‘வொர்க் ஹார்ட்’, கடைசியாக அந்த நாட்டுப்பண். ஒரு மணி நேரத்திற்குள் முடிகிறது. நம்பினால் நம்புங்கள், இது ‘கல்ச்சர்’ தொகுப்புக்கு அருகில் வைக்கத்தக்க நல்ல தொகுப்பு! ‘மோட்டார்ஸ்போர்ட்’ பாடலில் பெண் ராப்பர்களான கார்டி பியும் நிக்கி மினாஜும் அடுத்தடுத்து வருவது எவ்வளவு பெரிய நிகழ்வு என்பது, அது பிற்பாதியில் புதைந்து கிடந்தபோது எனக்குத் தெரியவே இல்லை. நல்ல பாடல்கள் இல்லாததால் வந்த ஏமாற்றமாக இருந்தால் நான் இந்த இழையையே தொடங்கியிருக்கமாட்டேன். உள்ளே ஒரு நல்ல தொகுப்பு இருக்கிறது. அதை மண்ணை விலக்கி எடுக்கும் பொறுப்பைக் கேட்பவர் தலையில் போட்டுவிட்டார்கள் என்பதே என் ஆதங்கம்.

கூடுதல்பாஸ்
12 பிப்ரவரி 2018

‘மேட் மென்’ பாடலை விட்டுவிட்டீர்கள். ஏறி வந்த பாதையைத் திரும்பிப் பார்க்கும் நிதானமான பாடல் அது. 24 பாடல்களில் அவர்கள் மூச்சு விடும் இடம் அதுதான். அதை நீக்கிவிட்டு நீளத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை.

திஸ்ரநடை
13 பிப்ரவரி 2018

நானும் ‘மேட் மென்’ பக்கம்தான். ‘வொர்க் ஹார்ட்’ பாடலை எடுத்துவிட்டு அதைச் சேர்க்கலாம்.

தெற்குச்சந்தம்
13 பிப்ரவரி 2018

மீண்டும் கேட்டேன். பாடலின் மனநிலை பிடிக்கிறது. ஆனால் அது வரும் இடத்தில், இருபதைத் தாண்டிய பிறகு, என் காது அதற்கு இடம் கொடுக்கவில்லை. இப்போதைக்கு என் பட்டியல் அப்படியே இருக்கட்டும்.

கணக்குப்பிள்ளை
9 ஜூலை 2018

இந்த இழையை மீண்டும் மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும். டொரோண்டோவின் டிரேக் ஜூன் 29 அன்று 25 பாடல்களுடன் ‘ஸ்கார்பியன்’ வெளியிட்டார். அதையும் இரண்டு பக்கமாகப் பிரித்திருக்கிறார். அதற்குமுன் மே மாதம் மிசிசிப்பியின் டுபெலோவைச் சேர்ந்த ரே ஷ்ரெமர்ட் சகோதரர்கள் 27 பாடல்களைத் தந்தார்கள்; ஆனால் கூட்டாக ஒன்பது, ஸ்வே லீ தனியாக ஒன்பது, ஸ்லிம் ஜிம்மி தனியாக ஒன்பது என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார்கள். எனக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை என்றாலும், நூறு நிமிடத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று கேட்பவருக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். மீகோஸ் இதையாவது செய்திருக்கலாம்.

2018 ஜூன் இறுதியில் பில்போர்டு விதியும் மாறியது. சந்தா கட்டிக் கேட்பவர்களின் 1,250 ஸ்ட்ரீம்கள் ஓர் அலகு என்று ஆனது. விளம்பரத்துடன் இலவசமாகக் கேட்பவர்களின் 3,750 ஸ்ட்ரீம்கள் ஓர் அலகு என்று ஆனது. பாடல்களின் எண்ணிக்கைக்கு அப்போதும் எந்தத் தடையும் வைக்கவில்லை.

மழைவானொலி
6 நவம்பர் 2018

டேக்ஆஃபின் தனித் தொகுப்பு ‘தி லாஸ்ட் ராக்கெட்’ நவம்பர் 2 அன்று வந்தது. 12 பாடல்கள். முக்கால் மணி நேரம்கூட இல்லை. விருந்தினர் மிகக் குறைவு. மூன்று வாரத்துக்கு முன் குவேவோ தந்த 19 பாடல்களில் நாம் கண்ட அதே பெருக்கத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துக் கேளுங்கள். மூவரில் எப்போதும் பின்னால் நின்றவர், ‘பேட் அண்ட் பூஜி’ பாடலில் இடம்பெறாமலே போனவர், எவ்வளவு பேசவேண்டுமோ அவ்வளவு மட்டும் பேசிவிட்டு நிறுத்தியிருக்கிறார். தெற்குச்சந்தம் அவர்களின் 12 பாடல் பட்டியல் என் நினைவுக்கு வந்தது.

தெற்குச்சந்தம்
7 நவம்பர் 2018

நேற்றிரவு கேட்டேன். ‘கல்ச்சர் 2’ தொகுப்பில் அவருடைய பகுதி ஒவ்வொன்றும் ஏன் எனக்கு அவசரமாகப் பட்டது என்று இப்போது விளங்குகிறது. பெரும்பாலும் கடைசியாக வரும் குரல் அவருடையது. அதற்குள் காது களைத்துவிடும்.

திஸ்ரநடை
14 ஜூன் 2021

‘கல்ச்சர் 3’ வந்துவிட்டது. 19 பாடல்கள், 75 நிமிடம். மூன்றரை ஆண்டு இடைவெளி விட்டிருக்கிறார்கள். நீளம் இப்போதும் தேவைக்குச் சற்று அதிகம்தான், ஆனால் முதல் சில பாடல்களிலேயே குரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது கேட்கிறது. நாடாப்பெட்டி ஐயா சொன்ன காத்திருப்பு வேலை செய்திருக்கிறது.

கூடுதல்பாஸ்
3 நவம்பர் 2022

நேற்று முன்தினம் ஹூஸ்டனில் டேக்ஆஃப் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு 28 வயது. வேறு எங்கே எழுதுவது என்று தெரியாமல் இந்தப் பழைய இழைக்கு வந்தேன். நாம் இங்கே அவருடைய பாடல்களை எண்ணி, இவ்வளவு அதிகம் என்று வாதிட்டுக்கொண்டிருந்தோம்.

நாடாப்பெட்டி
3 நவம்பர் 2022

வாதிட்டதில் தவறில்லை. அவர் பாடியதை நாம் ஒவ்வொன்றாகக் கேட்டதால்தான் வாதிட்டோம். பிம்ப் சி இறந்த டிசம்பரில் எனக்கு வந்த எண்ணம் இப்போதும் வருகிறது. ஆனாலும் அன்று நான் எழுதியதை இன்று கொஞ்சம் திருத்தவேண்டும். வெட்ட வாய் வரவில்லை என்பது உண்மை. அதனால் ஒரு தொகுப்பு சிறந்ததாகிவிடாது. மாஸ்டர் பியின் வட்டில் பாடியவர்களிலும் சிலர் இன்று இல்லை அல்லது சிறையில் இருக்கிறார்கள்; இரண்டாம் வட்டு அன்றும் இன்றும் நீளம்தான். நான் அதை வேறு காரணத்துக்காகக் கேட்கிறேன்.

தெற்குச்சந்தம்
6 நவம்பர் 2022

நான்கு நாட்களாக ‘கல்ச்சர் 2’ தொகுப்பில் நான் தேர்ந்தெடுத்த 12 பாடல்களை மட்டும் கேட்டேன். டேக்ஆஃபின் பகுதி வரும் இடத்தைத் தேடித் தேடி, சில இடங்களில் அவர் பின்னாலிருந்து எறியும் ஒற்றைச் சொல்லை மட்டும் கேட்பதற்காக, மற்ற இருவரின் வரிகளையும் முழுதாகக் கேட்டேன். நான் 2018இல் எழுதிய எதையும் மாற்றவில்லை: பாடல்கள் கூடுதல், அமைப்பு ஒன்றே, பிற்பாதி தளர்கிறது. அன்று கேட்டபோது என் காது பல்லவியை எதிர்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது கடைசிப் பகுதிக்காகக் காத்திருந்து கேட்டேன்.

கூடுதல்பாஸ் அவர்களே, ‘மேட் மென்’ பற்றித் தாங்கள் சொன்னது சரி. அதைச் சேர்த்துவிட்டேன்; எதையும் நீக்கவில்லை. என் பட்டியலில் இப்போது 13 பாடல்கள் இருக்கின்றன.